நியூயார்க்கில் ஃபேமிலி ஸ்டைல் இத்தாலிய உணவகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

நியூயார்க்கில் குடியேறிய சில மாதங்களுக்குள் யாராவது ஒருவர் உங்களை ஃபேமிலி ஸ்டைல் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போவார். இல்லையென்றால் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் உறவினரையும் நீங்கள் அழைத்துப் போக வேண்டியிருக்கும். பெரிய குழுவுக்கு இடம் பிடிப்பது, சைவக்காரர்களுக்கு எதைச் சொல்வது, பில்லில் டிப்ஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் அல்லாடித்தான் நான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அதே பாட்டைப் பட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எந்த வகை உணவகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

இந்த உணவகங்களில் தட்டு ஆளுக்கு வராது, மேசைக்கு வரும். ஒரு பாஸ்தா என்று சொன்னால் மூன்று, நான்கு பேர் சாப்பிடும் அளவுக்கு ஒரு பெரிய தாம்பாளம் நடுவில் வந்து இறங்கும். எல்லோரும் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மெனுவில் 45 டாலர் என்று பார்த்துவிட்டு "ஒரு தட்டுக்கா இவ்வளவு?" என்று திகைக்க வேண்டாம். அது ஒரு ஆளுக்கான விலை அல்ல.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எல்லா இத்தாலிய உணவகமும் இப்படி இருப்பதில்லை. மல்பெரி தெருவில் இருக்கும் லிட்டில் இத்தாலி கடைகளில் பலவும் ஆளுக்கொரு தட்டு வகைதான். சில உணவகங்களில் ஒரே உணவு இரண்டு அளவில் கிடைக்கும். ஒருவருக்கான அளவு ஒரு விலை, மேசைக்கான அளவு வேறு விலை. அதனால் உட்கார்ந்ததும் சர்வரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தத் தட்டு எத்தனை பேருக்குப் போதும்?" இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். தினமும் நூறு பேர் கேட்கும் கேள்வி அது.

2. இடமும் நேரமும்

மன்ஹாட்டனில் இந்த வகைக்குப் பெயர்போனது கார்மைன்ஸ். 1990இல் அப்பர் வெஸ்ட் சைடில், பிராட்வேயில் 90ஆம் தெருவை ஒட்டித் தொடங்கியது. டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் 44ஆம் தெருவிலும் ஒன்று இருக்கிறது. அதே பகுதியில் டோனிஸ் டி நாப்போலியும் இதே பாணிதான். கூட்டத்தைப் பார்த்தால் தலைவலி வரும் என்பவர்கள் பிராங்ஸில் இத்தாலியக் கடைகள் நிறைந்த ஆர்தர் அவென்யூவுக்குப் போகலாம். மெட்ரோ நார்த் ரயிலில் ஃபோர்டாம் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். பிராங்ஸ் உயிரியல் பூங்காவும் தாவரவியல் பூங்காவும் பக்கத்தில்தான். பகலில் பூங்கா, மாலையில் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் ஒரு நாள் நிறைவாகப் போகும்.

டைம்ஸ் ஸ்கொயர் உணவகங்களின் கூட்டத்தைத் தீர்மானிப்பது பக்கத்து நாடக அரங்குகள். பிராட்வே நாடகங்கள் பெரும்பாலும் இரவு 7 அல்லது 8 மணிக்குத் தொடங்கும். எனவே 5 மணியிலிருந்து 7.30 வரை உணவகத்தில் நெரிசல் தாங்காது. சர்வர்களும் பறப்பார்கள், நிதானமாக எதையும் விளக்க மாட்டார்கள். 8 மணி அடித்ததும் பாதி மேசை காலியாகிவிடும். நாடகம் பார்க்காதவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். புதனும் சனியும் பகல் காட்சி உண்டு என்பதால் அந்த நாட்களில் மதியமும் நெரிசல்தான். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால் வார நாளில் பிற்பகல் 3 அல்லது 4 மணிக்குப் போங்கள். மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் ஒன்றாக முடிந்துவிடும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: மே மாதத்து இரண்டாவது ஞாயிறு வரும் அன்னையர் தினம், பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும் மே இறுதி வாரங்கள், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து புத்தாண்டு வரை.

வாசலில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெரிய எழுத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 2010 முதல் நகரச் சுகாதாரத் துறை உணவகங்களுக்கு ஏ, பி, சி என்று தர எழுத்து கொடுக்கிறது. குறைகளுக்குப் புள்ளி போடுவார்கள். 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, 28 அல்லது அதற்கு மேல் சி. புள்ளி கூடக் கூடத் தரம் குறைவு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. முன்பதிவு

ஓபன்டேபிள், ரெசி ஆகிய செயலிகளில் இலவசமாகப் பதியலாம். நான்கு பேர் வரைக்கும் எளிது. அதற்கு மேல் போனால் செயலி "இடமில்லை" என்று காட்டலாம். உண்மையில் இடம் இருக்கலாம், பெரிய குழுவை மட்டும் பல இடங்களில் தொலைபேசியில்தான் எடுப்பார்கள். பிற்பகல் 3 மணி போல அழைத்தால் பொறுமையாகப் பேசுவார்கள். வெள்ளி, சனி மாலைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.

பதியும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதலாவது, கார்டு எண் கேட்கிறார்களா, வராவிட்டால் தலைக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் பிடிக்க மாட்டார்கள். இரண்டாவது, பெரிய குழுவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த மெனுவைத்தான் எடுக்க வேண்டுமா. சில இடங்களில் பத்துப் பேரைத் தாண்டினால் அதுதான் விதி. எட்டு வயதுப் பையனுக்கும் முழு விலையா என்பதை அப்போதே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, படிக்கட்டு உண்டா. நியூயார்க் உணவகங்களில் கழிப்பறை பெரும்பாலும் கீழ்த்தளத்தில், குறுகிய படிகளுக்கு அடியில் இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு மெனுவைவிட முக்கியமான தகவல் இது.

பணம் கொடுத்து முன்பதிவு வாங்கித் தருகிறோம் என்று யாராவது இணையத்தில் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். உணவகத்தின் ஒப்புதல் இல்லாமல் முன்பதிவை விற்பதை நியூயார்க் மாநிலம் 2025 முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. பணமும் போகும், வாசலில் மேசையும் இருக்காது.

குறித்த நேரத்துக்கு மேல் மேசையைப் பதினைந்து நிமிடம் வரை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பல உணவகங்களில் முழுக் குழுவும் வந்து சேர்ந்தால்தான் உட்காரவே விடுவார்கள். "நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம், இரண்டு பேர் பார்க்கிங் தேடுகிறார்கள்" என்பது எடுபடாது. நம் குழுக்களில் ஒரு குடும்பம் எப்போதுமே தாமதமாக வரும். அவர்களுக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

4. கையில் இருக்க வேண்டியவை

*அடையாள அட்டை.* மது அருந்தும் எண்ணம் இருந்தால் மட்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும், தலை நரைத்தவரிடமும் சில இடங்களில் அட்டை கேட்பார்கள். நியூயார்க் மாநிலச் சட்டம் வயதுச் சான்றாக ஏற்பது: அமெரிக்க மாநிலங்கள் அல்லது கனடா மாகாணங்கள் தரும் ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை, எந்த நாட்டினுடையதானாலும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அமெரிக்க ராணுவ அட்டை. இந்திய ஓட்டுநர் உரிமமும் ஆதாரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா ஒரு கிளாஸ் வைன் குடிக்க ஆசைப்பட்டால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். போனில் இருக்கும் புகைப்படம் போதாது.

*கார்டு.* இந்திய வங்கிக் கார்டைப் பயன்படுத்தப் போகிறவர்கள் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் முன்பே பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடித்தான் வரும், நாம்தான் திறக்க வேண்டும். மேசையில் பில் வந்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருப்பது சங்கடம்.

*கொஞ்சம் ரொக்கம்.* நியூயார்க் நகரில் 2020 நவம்பர் முதல் கடைகளும் உணவகங்களும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது. பழைய குடும்ப உணவகம் என்றால் "ரொக்கம் மட்டும்" என்ற பலகை இருக்கிறதா என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் கவலை வேண்டாம். சுத்தமான எந்த உடையும் போதும். தக்காளிச் சாறு தெறிக்கும், வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

5. உட்கார்ந்ததும் வரும் கேள்விகள்

சர்வர் வந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" (சாதா நீரா, வாயு நிரப்பிய நீரா) என்று கேட்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் பாட்டில் தண்ணீர் வந்துவிடலாம், பில்லிலும் ஏறிவிடும். பெரிய மேசை என்றால் பாட்டில் மேல் பாட்டிலாகத் திறந்துகொண்டே போவார்கள். "டேப் வாட்டர்" என்று சொல்லுங்கள். இலவசம். மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் இந்த நகரத்துக் குழாய் நீர் நன்றாகவே இருக்கும். ஐஸ் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், குளிர்காலத்திலும் அவர்கள் ஐஸை நிரப்பித்தான் தருவார்கள்.

ரொட்டிக் கூடை பெரும்பாலும் இலவசம். மெனுவில் இருக்கும் பூண்டு ரொட்டி விலைக்கு. கூடை வந்ததும் பசியில் எல்லோரும் அதிலேயே கை வைத்துவிடுவார்கள், பிறகு பாஸ்தா வரும்போது வயிற்றில் இடம் இருக்காது. குழந்தைகளைக் கட்டுப்படுத்துவது சுலபம், மாமாக்களைத்தான் முடியாது.

அடுத்து, சர்வர் மூச்சுவிடாமல் ஐந்தாறு ஸ்பெஷல்களை ஒப்பிப்பார். விலை சொல்ல மாட்டார். லாப்ஸ்டர், பெரிய இறைச்சித் துண்டு போன்றவை இந்தப் பட்டியலில்தான் இருக்கும், மெனுவில் உள்ளவற்றைவிட விலை ஏகத்துக்கும் கூடுதலாக இருக்கலாம். "அது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆர்தர் அவென்யூவில் அச்சிட்ட மெனு இல்லாமல் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லும் பழைய பாணியையும் நீங்கள் சந்திக்கலாம். அங்கே ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

6. எவ்வளவு சொல்வது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நான்கு பேருக்கு ஒரு சாலட், ஒரு பாஸ்தா, ஒரு சிக்கன் அல்லது கத்தரிக்காய் வகை. போதும். எட்டுப் பேர் என்றால் இரண்டு சாலட் வேண்டாம், ஒன்று போதும், பாஸ்தா இரண்டு, முக்கிய உணவு இரண்டு. இது போதுமா என்று சர்வரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல சர்வர் "முதலில் இதைச் சாப்பிடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்பார். இன்னும் இரண்டு தட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறவரும் உண்டு. குறைவாகச் சொல்லித் தொடங்குங்கள். பாஸ்தா சமைக்க அதிக நேரம் ஆகாது, வேண்டுமானால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வந்த தட்டைத் திருப்பி அனுப்ப முடியாது.

"ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று விருந்து கொடுப்பவர் உபசாரமாகச் சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் எல்லோரிடமும் கேட்டுச் சர்வரிடம் பேச வேண்டும். எட்டுப் பேரும் பேசினால் எட்டுத் தாம்பாளம் வரும்.

சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். சாலட் முடிந்த பிறகு பாஸ்தா, அதன் பிறகு மற்றது என்று வரிசையாக வேண்டுமென்றால் சொல்லும்போதே அப்படிக் கேளுங்கள். இல்லையென்றால் எல்லாமே ஒரே நேரத்தில் வந்து மேசையில் தண்ணீர் கிளாஸ் வைக்கக்கூட இடம் இருக்காது.

7. சைவம், மாடு, பன்றி: இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்

இத்தாலியச் சாப்பாட்டில் சைவத்துக்குப் பஞ்சமில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இறைச்சி நிறைய உண்டு. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கோழிச் சாறு சேர்த்த சூப்பும் சைவக் கணக்கில் வந்துவிடலாம். என் பரிந்துரை, பட்டியலாகச் சொல்வது: "நோ மீட், நோ ஃபிஷ், நோ சிக்கன் பிராத், நோ ஆன்சோவி." இந்த நான்கையும் சொன்னால் சர்வர் குறித்துக்கொண்டு சமையலறையில் கேட்டுவருவார்.

எதில் என்ன இருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு:

சீசர் சாலட் இலை தழைதானே என்று தோன்றும். அதன் சாஸில் ஆன்சோவி என்ற சிறு மீன் அரைத்துச் சேர்க்கப்படும், பல இடங்களில் முட்டையும் உண்டு. புட்டனெஸ்கா சாஸிலும் அதே மீன். மினெஸ்ட்ரோனே காய்கறி சூப், ஆனால் கோழி அல்லது இறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கலாம். ரிசோட்டோவும் அப்படியே, நம் பொங்கல்போலக் குழைந்து வரும் அந்தச் சோறு வெந்தது எந்தச் சாற்றில் என்று கேட்க வேண்டும். கார்போனாரா, அமத்ரிச்சானா இரண்டிலும் பன்றி இறைச்சி. போலோனீஸ் சாஸில் மாடும் பெரும்பாலும் பன்றியும் சேர்ந்திருக்கும். மீட்பால் என்றால் மாடு, பன்றி, கன்று மூன்றும் கலந்ததாக இருக்கலாம்.

கோழி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது சிக்கன் ஸ்கார்பாரியல்லோ. பெயரில் சிக்கன்தான், தட்டில் பன்றி சாசேஜ் துண்டுகளும் சேர்ந்து வருவது வழக்கம். சிக்கன் மர்சாலாவில் வைன் உண்டு. பழைய இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களில் "கிரேவி" என்றால் பல மணி நேரம் இறைச்சியோடு கொதித்த தக்காளிச் சாஸ். "சண்டே கிரேவி" என்று மெனுவில் பார்த்தால் சைவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

பிறகு என்னதான் சாப்பிடுவது? மரினாரா அல்லது பொமொடோரோ என்னும் தக்காளிச் சாஸில் எந்தப் பாஸ்தாவும். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்ந்த ஆலியோ ஏ ஓலியோ. காரம் வேண்டுமென்றால் அர்ராபியாத்தா. ஆனால் இறைச்சி சேர்க்காமல் செய்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பென்னே அல்லா வோட்காவில் பெயருக்கேற்ப வோட்கா சேர்ப்பார்கள். மதுவே ஆகாது என்பவர்கள் விலக வேண்டும். எக்பிளாண்ட் பர்மிஜானா இந்த உணவகங்களின் உயிர் என்பேன். வறுத்த கத்தரிக்காய் அடுக்கின் மேல் தக்காளிச் சாஸும் சீஸும் உருகி, ஓரம் மட்டும் லேசாகக் கருகி, கரண்டி வைத்தால் நூல் நூலாக இழுபடும். ஊரிலிருந்து வந்து "இந்த ஊர்ச் சாப்பாடே வேண்டாம்" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் இதை இரண்டாம் முறை கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்காயை முட்டையில் தோய்த்து வறுப்பது வழக்கம் என்பதால் முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கடையிலேயே செய்யும் ஃபிரெஷ் பாஸ்தாவிலும் பெரும்பாலும் முட்டை உண்டு. உலர்ந்த ஸ்பகெட்டியிலும் பென்னேயிலும் பொதுவாக இருக்காது.

மிகக் கடுமையான சைவர்களுக்கு ஒரு சிக்கல் பாக்கி. பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் தயாரிப்பு விதிப்படியே கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட்டைக் கொண்டுதான் உறைய வைக்கப்படுகிறது. இதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் "நோ சீஸ் ஆன் டாப்" என்று சொல்லலாம். பாதி நேரம் சர்வரே கேட்காமல் துருவிப் போட்டுவிடுவார், முந்திக்கொள்ளுங்கள். மேசையில் இதை அறிவித்து மற்றவர்கள் சாப்பாட்டையும் கெடுக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

இனிப்பில் டிராமிசுவில் முட்டை உண்டு, பல இடங்களில் மதுவும் உண்டு. பன்னா கோட்டாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். கன்னோலியின் ஓடு வறுக்கப்பட்ட மாவு, மாவில் வைன் சேர்ப்பது வழக்கம். இவை எதுவும் வேண்டாம் என்பவருக்குச் சோர்பே என்னும் பழ ஐஸ் இருக்கும்.

நடுவில் ஒரு தட்டிலிருந்து எல்லோரும் எடுப்பதால் இன்னொன்றும் செய்ய வேண்டும். சைவத் தட்டுக்குத் தனிக் கரண்டி கேட்டு, அதை மேசையின் ஒரு முனையில் வைத்து, சைவர்களை அந்த முனையில் உட்கார வையுங்கள். இதை உட்காரும்போதே செய்துவிட்டால் பிறகு மனத்தாங்கல் இருக்காது.

உப்பு, காரம் போதவில்லை என்றால் "ரெட் பெப்பர் ஃப்ளேக்ஸ்" கேளுங்கள். மிளகாய்த் தூள்போல வரும், இலவசம்.

8. பில்லும் டிப்ஸும்

நீங்கள் கேட்காமல் பல இடங்களில் பில் வராது. "செக், ப்ளீஸ்" என்றால் போதும். வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

மெனு விலையில் வரி சேராது. நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம். அதன் மேல் டிப்ஸ், 18 முதல் 20 சதவீதம் என்பது வழக்கம். கட்டாயச் சட்டம் இல்லை, ஆனால் சர்வரின் சம்பளமே டிப்ஸை எதிர்பார்த்துத்தான் போடப்படுகிறது. 2025இல் இந்த நகரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலராக இருந்தது. டிப்ஸ் வாங்கும் உணவகச் சர்வருக்கு அப்போது உரிமையாளர் கையிலிருந்து 11 டாலர் கொடுத்தால் போதுமாக இருந்தது, மிச்சம் டிப்ஸிலிருந்து வர வேண்டும். சேவை படுமோசம் என்றாலொழிய டிப்ஸைக் குறைக்க வேண்டாம்.

நான்கு பேர் சாப்பிட்ட உணவு 160 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 14.20. உணவின் விலைக்கு 20 சதவீத டிப்ஸ் 32. மொத்தம் 206.20, தலைக்கு 51.55. மெனுவைப் பார்த்து மனதில் போட்ட கணக்கில் கிட்டத்தட்ட 30 சதவீதத்தைக் கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். கால்குலேட்டர் எடுக்கச் சோம்பல் என்றால் வரியை இரண்டால் பெருக்குங்கள், சுமார் 18 சதவீத டிப்ஸ் கிடைத்துவிடும். உள்ளூர்க்காரர்கள் பலரும் இப்படித்தான் போடுகிறார்கள்.

மூன்று பொறிகள். பெரிய குழு என்றால் "கிராஜுவிட்டி" அல்லது "சர்வீஸ் சார்ஜ்" என்று பில்லிலேயே சேர்த்திருக்கலாம். அப்படியும் கீழே "டிப்" என்று வெற்றுக் கோடு ஒன்று இருக்கும். அதில் மீண்டும் 20 சதவீதம் எழுதினால் இரட்டிப்பு. அது கூடுதல் மட்டுமே, சுழியம் போட்டுக் கையெழுத்திட்டாலும் தவறில்லை. இரண்டாவது, திரையில் வரும் 20, 22, 25 பொத்தான்கள் சில நேரம் வரியோடு சேர்ந்த தொகையின் மேல் கணக்கிடப்படும். வேறு தொகை எழுதும் வசதி சிறு எழுத்தில் கீழே இருக்கும். மூன்றாவது, கார்டுக்குத் தனிக் கட்டணம். நியூயார்க் மாநிலத்தில் 2024 பிப்ரவரி முதல் கார்டில் செலுத்த வேண்டிய முழு விலையையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். கடைசி நிமிடத்தில் "கார்டுக்கு மூன்று சதவீதம்" என்று பில்லில் முளைத்தால் மெதுவாகக் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

கார்டில் டிப்ஸ் எழுதிய பிறகு வங்கிச் செயலியில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகைதான் தெரியும். ஓரிரு நாளில் முழுத் தொகையாக மாறும். அதுவரை ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.

பில்லைப் பிரிப்பதாக இருந்தால் உணவு சொல்வதற்கு முன்பே சர்வரிடம் சொல்லிவிட வேண்டும். எட்டுக் கார்டுகளை நீட்டினால் பல இடங்களில் மறுப்பார்கள். ஒருவர் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் ஸெல் அல்லது வென்மோ போன்ற பணம் அனுப்பும் வசதியில் வாங்கிக்கொள்வது சுலபம். வைன் குடித்தவரும் தண்ணீர் குடித்தவரும் சமமாகக் கொடுப்பதா என்ற கேள்வியை மட்டும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

9. மிச்சத்தை எடுத்து வருவது

மிச்சம் இருக்கும், சந்தேகமே வேண்டாம். "டு கோ பாக்ஸ்" கேளுங்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நீங்களே நிரப்ப வேண்டும். அல்லது அவர்களே உள்ளே எடுத்துப்போய் நிரப்பித் தருவார்கள். பின்னது என்றால் சைவத்தையும் அசைவத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் பேனாவால் பெயர் எழுதச் சொன்னாலும் எழுதுவார்கள்.

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு டைம்ஸ் ஸ்கொயரைச் சுற்றிப் பார்க்கும் திட்டம் இருந்தால் சுற்றலை முதலிலும் சாப்பாட்டைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாஸ்தாவைச் சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிவைத்துச் சூடாக்குங்கள். கத்தரிக்காயை மைக்ரோவேவில் வைத்தால் நசநசத்துவிடும், அதற்கு அடுப்பில் தோசைக்கல்தான்.